அயனியாக்கும் கதிர்வீச்சு: எது எதை ஆக்குகிறது?

அணுக்கருப் பொறியியலில் நுழைபவர் முதலில் தடுக்கி விழும் தொடர் இது. சிலர் ‘அயனிக் கதிர்வீச்சு’ என்று சுருக்குகிறார்கள். சிலர் ‘அயனியாக்கப்பட்ட கதிர்வீச்சு’ என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டாவது, பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது. கதிர் அயனியாவதில்லை. அது போகிற வழியில் இருக்கும் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிட்டு, அந்த அணுவை அயனியாக்குகிறது, அதாவது மின்னூட்டம் கொண்டதாக மாற்றுகிறது. ‘அயனியாக்கும்’ என்ற பெயரெச்சத்தில் செய்பவர் கதிர்வீச்சுதான்.

சரி, அயனி எங்கிருந்து வந்தது? 1834-இல் மைக்கேல் ஃபாரடே கரைசல்களில் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். மின்வாய்களை நோக்கி நகரும் துகள்களுக்கு அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞரிடம் கேட்டார். கிரேக்கத்தில் ‘போகிறது’ எனப் பொருள்படும் ‘இயோன்’ கிடைத்தது, ஆங்கில ஒலிப்பில் ‘அயான்’. மின்வாய்களின் பெயர்களான ஆனோடு, கேத்தோடு ஆகியவையும் ஹியூவெல் தந்தவையே. நேர்பொருளில் தமிழாக்கினால் ‘வழிப்போக்கன்’ என்றுதான் வைக்க வேண்டும்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உத்தராயணம், தட்சிணாயனம் என்று சொல்கிறோமே, அந்த ‘அயனம்’ என்ற வடசொல்லுக்கும் ‘செல்லுதல்’ என்பதே பொருள். அதன் வேரும் கிரேக்கச் சொல்லின் வேரும் ஒன்றுதான். ஆக, ஒலியைத் தழுவி நாம் எழுதிக்கொண்ட ‘அயனி’ பழைய உறவு ஒன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. (அயனிப்பலாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.)

தூய தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் ‘மின்துகள்’ எனலாமா? எலக்ட்ரானும் புரோட்டானும்கூட மின்துகள்கள்தானே, குழப்பம் கூடும். ‘செல்வது’ என்ற மூலப்பொருளும் இங்கே உதவாது, ஏனென்றால் கதிர்வீச்சியலில் அயனி எங்கே போகிறது என்பதைவிட அது எலக்ட்ரானை இழந்தது என்பதே முக்கியம். என்னைக் கேட்டால் அயனி இருக்கட்டும். இலங்கைப் பாடநூல்களில் இதுவே ‘அயன்’, ‘அயனாக்கம்’ என்று வரும்.

எல்லாக் கதிர்வீச்சும் அயனியாக்குமா என்றால், இல்லை. ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானிடம், அதாவது ஒளியின் ஒரு துகளிடம், இருப்பது ஏறத்தாழ மூன்றுக்குள்தான். நுண்ணலையிடம் அதைவிட மிகமிகக் குறைவு. விளக்கை எவ்வளவு கூட்டினாலும் ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் ஏறும், ஒவ்வொன்றின் ஆற்றல் ஏறாது. சீசியம்-137 என்ற நிலையற்ற அணு சிதையும்போது வெளிவரும் காமாக் கதிரின் ஒரு ஃபோட்டானிடமோ சுமார் 6,62,000 எலக்ட்ரான்வோல்ட் இருக்கிறது. நியூட்ரான் வேறு வகை: அதற்கு மின்னூட்டமே கிடையாது, ஆனால் அணுக்கருக்களில் மோதி அது கிளப்பிவிடும் துகள்கள் அந்த வேலையைச் செய்துவிடும்.

அப்புறம், ‘கதிர்வீச்சு’, ‘கதிரியக்கம்’ இரண்டையும் மாற்றிப் போடுவது. வெளியே வருவது கதிர்வீச்சு. நிலையற்ற அணுக்கரு தானாகச் சிதைந்து அதை வெளிவிடும் இயல்பு கதிரியக்கம். 1898-இல் கியூரி தம்பதியர் உருவாக்கிய பெயரின் தமிழாக்கம் இது, இலங்கையில் ‘கதிர்த்தொழிற்பாடு’. மருத்துவ எக்ஸ்-கதிர்க் கருவியில் கதிர்வீச்சு உண்டு, கதிரியக்கம் இல்லை. சுவிட்சை அணைத்தால் அங்கே கதிர் நின்றுவிடும். சீசியத்துக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது.