புயலில் கூரையைப் பிடித்து வைப்பது எது?

புயல் கடந்த மறுநாள் தகரக் கூரை பக்கத்து வயலில் கிடந்தால், காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது என்போம். பெரும்பாலும் அது மேலே உறிஞ்சி எடுக்கப்பட்ட கூரை. சுவரில் மோதி மேலேறும் காற்று கூரை விளிம்பில் பிரிந்து தாவுகிறது. அந்த இடத்தில் அழுத்தம் சரிந்துவிட, ஷீட் வானத்தைப் பார்த்து இழுபடுகிறது.

எவ்வளவு இழுவை? கட்டடங்கள் தாங்கவேண்டிய சுமைகளைச் சொல்லும் இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875-இன் மூன்றாம் பகுதி (2015) சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் காற்றுவேகம் வைத்திருக்கிறது. இது திறந்தவெளியில், 10 மீட்டர் உயரத்தில், 3 நொடி வீச்சின் வேகம். மணிக்கு 180 கிலோமீட்டர். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அதை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. மதுரைக்கும் கோவைக்கும் வேகம் 39 தான்; அங்கே சுமார் 93 கிலோ. வேகம் 28 சதவீதம் கூடினால் சுமை 64 சதவீதம் கூடுகிறது. கோவையில் பழகிய ஸ்க்ரூ இடைவெளியோடு சென்னைக்கு வருபவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள், புயலுக்குப் பிறகும் இயங்கவேண்டிய மருத்துவமனை போன்ற கட்டடங்களுக்கு வேகத்தையே 1.3 ஆல் பெருக்கச் சொல்கிறது தரநிலை. 150 கிலோ அப்போது 250-ஐத் தாண்டிவிடும்.

இந்த அழுத்தம் முழுக்கவா கூரையில் விழுகிறது? அது சாய்வைப் பொறுத்தது. தாழ்வான கட்டடத்தில் 10 டிகிரி சாய்வுக் கூரையின் காற்றுப் பக்கச் சரிவில் 1.2 மடங்கு உறிஞ்சல். 20 டிகிரிக்குப் போனால் 0.4 தான். ஷீட்டை மிச்சம் பிடிக்கக் கூரையைத் தட்டையாக்குவது கடற்கரையில் கெட்ட சிக்கனம்.

உள்ளிருந்தும் காற்று தள்ளும். திறப்புகள் சுவர்ப் பரப்பில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 0.2 மடங்கு, 20 வரை 0.5, அதற்கும் மேல் 0.7. காற்றுப் பக்கக் கதவு ஒன்று பிய்ந்தால் போதும், கணக்கே மாறிவிடும். தாழ்ப்பாளும் ஷட்டரும் கூரையைக் காக்கும் பாகங்கள்தான்.

1.2 உடன் 0.5 சேர்த்தால் 1.7; சென்னையில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 260 கிலோ மேல்நோக்கி இழுக்கிறது. அரை மில்லிமீட்டர் தகர ஷீட்டின் எடையோ 5 கிலோ கூட வராது. மீதியை ஸ்க்ரூதான் பிடிக்கவேண்டும். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினின் இடைவெளி 1.2 மீட்டர், ஸ்க்ரூ இடைவெளி 30 சென்டிமீட்டர் என்றால் ஒரு ஸ்க்ரூவுக்கு 94 கிலோ. ஒன்றுவிட்டு ஒன்று போட்டால் 190-ஐ நெருங்கும். விளிம்பிலும் மூலையிலும் உறிஞ்சல் இன்னும் கடுமை என்பதால் அங்கே நெருக்கிப் போடவேண்டும்.

ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வராமலேயே ஷீட் போய்விடுவதும் உண்டு. ஒவ்வொரு வீச்சுக்கும் ஷீட் மேலெழுந்து தாழ, வாஷரைச் சுற்றி மடிப்பு விழுந்து விரிசல் ஓடுகிறது. கம்பியை மாறி மாறி வளைத்து ஒடிப்பது போலத்தான். கடைசியில் துளை பெரிதாகி, வாஷரும் ஸ்க்ரூவும் பர்லினிலேயே நிற்க, ஷீட் மட்டும் பறக்கும். 1974 டிசம்பர் 25 அன்று டார்வின் நகரைச் சிதைத்த டிரேசி புயலில் கூரைகள் இப்படித்தான் போயின. ஆஸ்திரேலியா அதன்பிறகே ஷீட்டுகளைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சோதிக்கத் தொடங்கியது. அகலமான வாஷர் போட்டால் விரிசல் தள்ளிப்போகும்.

ஷீட் நின்றுவிட்டால் இழுவை பர்லினுக்கும், பர்லினைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ்ஸுக்கும் இறங்கும். ட்ரஸ்ஸைச் சுவர்மேல் வைத்துச் சிமென்ட் கலவை பூசிவிடுவது நம்மூர் வழக்கம். கலவைக்கு இழுவை தாங்கும் சக்தி கிடையாது. சுவர் உச்சியில் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் ஓட்டி, அதற்குள் புதைத்த போல்ட்டில் ட்ரஸ்ஸை முடுக்கவேண்டும்.

இழுவை கடைசியாக வந்து சேரும் இடம் தூணின் அஸ்திவாரக் குழி. ஷெட்டில் ஒரு தூணின் பங்குக்கு 9 சதுர மீட்டர் கூரை வந்தால் சுமார் 2,300 கிலோ தூக்கும். ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழம் தோண்டிக் கான்கிரீட் நிரப்பினால் எடை சுமார் 300 கிலோதான். அடியில் அகலமான பாதம் வைத்து, மேலே மண்ணை அடுக்கடுக்காக இடித்து நிரப்பினால்தான் அந்த மண்ணின் எடையும் தூணைப் பிடித்துக்கொள்ளும்.