கதை கேம்களில் அறத் தேர்வு: எது உறைக்கிறது, எது உறைப்பதில்லை

2007இல் வெளிவந்த பயோஷாக் கேமில் 'லிட்டில் சிஸ்டர்' எனப்படும் சிறுமிகள் வருவார்கள். அவர்கள் உடம்புக்குள் ஆடம் என்றொரு பொருள் இருக்கிறது. புதிய சக்திகளை வாங்க அதுதான் காசு. சிறுமியைக் கொன்று எடுத்தால் 160 ஆடம். குணப்படுத்தி விட்டுவிட்டால் 80. இரக்கப்பட்டால் பாதி வருமானம் போய்விடும், நல்ல சோதனைதான் என்று தோன்றும். ஆனால் மூன்று சிறுமிகளை விடுவிக்கும்போதெல்லாம் ஒரு பரிசு வந்து சேரும். அதில் 200 ஆடம் இருக்கும். ஆக, மூவரைக் கொன்றால் 480, மூவரை விட்டால் 440. கேமில் உள்ள 21 சிறுமிகளுக்கும் கூட்டிப் பார்த்தால் 3,360க்கு எதிராக 3,080. நல்லவராக இருப்பதற்கு ஆகும் செலவு நூற்றுக்கு எட்டுதான். பரிசோடு வரும் மற்ற பொருள்களையும் சேர்த்தால் அதுவும் மிஞ்சாது.

இத்தனைக்கும் முதல் சிறுமியிடம் இந்தத் தேர்வு நன்றாகவே வேலை செய்கிறது. கைம்மாறு உண்டு என்று ஒரு குரல் சொல்கிறதே தவிர, என்ன, எவ்வளவு என்று அப்போது தெரியாது. நான்காவது சிறுமி வரும்போது யாரும் யோசிப்பதில்லை, கை பழக்கப்படி பட்டனை அழுத்துகிறது. ஒரே கேள்வியை 21 முறை கேட்டால் அது கேள்வியாகவே இருப்பதில்லை. (கீழே வேறு சில கேம்களின் கதை முடிச்சுகளும் அவிழும். எல்லாம் பழைய கேம்கள்தாம். ஆனாலும் இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

அதே 2007இல் வந்த மாஸ் எஃபெக்ட் சறுக்கியது வேறு இடத்தில். உரையாடல் வட்டத்தில் பெருந்தன்மையான பதில் மேல்பக்கம், முரட்டுத்தனமான பதில் கீழ்ப்பக்கம். பெருந்தன்மைக்குப் 'பாரகன்' என்று நீலத்திலும், முரட்டுத்தனத்துக்கு 'ரெனிகேட்' என்று சிவப்பிலும் இரண்டு அளவுகோல்கள். எதில் புள்ளி ஏறுகிறதோ அந்தப் பக்கத்து வலுவான வசனங்கள் திறக்கும். விளைவு என்ன? விளையாடுபவர் முதல் அரை மணி நேரத்தில் ஒரு நிறத்தைத் தேர்ந்துகொள்கிறார். அதன் பிறகு வசனத்தைப் படிக்காமலே மேலேயோ கீழேயோ தள்ளிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு சிக்கலையும் தனித்தனியே எடைபோட்டுக் கலந்து பதில் சொல்பவருக்கு, இரண்டாம் பாகத்தில் பல வசனங்கள் பூட்டியே கிடந்தன. உண்மையில் யோசித்தவருக்குத்தான் தண்டனை. விளையாடியவர்களில் சுமார் 92 விழுக்காட்டினர் நல்ல பக்கத்திலேயே இருந்தார்கள் என்று அந்த கேம் தொடரில் வேலை செய்த ஒருவர் 2020இல் சொன்னார். கெட்ட பக்கத்துக்காக எழுதி, நடித்து, அசைவூட்டிய காட்சிகளில் பெரும்பகுதியைப் பெரும்பாலோர் பார்க்கவே இல்லை என்று பொருள்.

அளவுகோல் செய்யும் கெடுதல் இதுதான்: செயலுக்குத் தீர்ப்பை உடனே, எண்ணாகச் சொல்லிவிடுகிறது. தீர்ப்பு வந்தபின் மனச்சாட்சிக்கு வேலை இல்லை. புள்ளியைக் கூட்டுவதுதான் வேலை.

இதற்கு நேர் எதிரான கட்டமைப்பு 2013இல் லூகாஸ் போப் உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் நீங்கள் குடியேற்ற அதிகாரி. ஒருவரின் ஆவணங்களைச் சரியாகச் சோதித்து முத்திரை குத்தினால் 5 கிரெடிட். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நாள் முடிவில் வாடகை, சாப்பாடு, கணப்பு என்று செலவுப் பட்டியல் நிற்கும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. காசு போதாவிட்டால் பசி, குளிர், நோய், சாவு. தவறாக ஆளை உள்ளே விட்டால் எச்சரிக்கைச் சீட்டு வரும். ஒரு நாளில் முதல் இரண்டுக்கு அபராதம் கிடையாது, மூன்றாவதிலிருந்து உண்டு.

தொடக்க நாள்களிலேயே ஒரு கணவர் வருவார். ஆவணங்கள் சரி. அடுத்து என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். மனைவியிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினால் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறார். திரையில் எந்த நிறமும் இல்லை, 'கருணை காட்டு' என்ற பட்டனும் இல்லை. காலையிலிருந்து குத்திக்கொண்டிருக்கும் அதே பச்சை, சிவப்பு முத்திரைகள்தாம்.

இங்கே வேலை செய்யும் பொறி நுட்பமானது. இரக்கத்துக்கான விலை, மகனுக்கு மருந்து வாங்கும் அதே காசில் எடுக்கப்படுகிறது. நல்லது செய்ய ஒரு நாணயம், பிழைக்க இன்னொன்று என்று பிரித்து வைத்திருந்தால் இந்த முடிச்சு அவிழ்ந்து போயிருக்கும். அதைவிட அழகானது அந்த முதல் இரண்டு எச்சரிக்கைகள். அவை அபராதமில்லாதவை என்பதால், நாளொன்றுக்கு இரண்டு பேருக்கு இலவசமாக இரங்கலாம். சில நாள்களில் விளையாடுபவர் அந்த இரண்டையும் சேமிக்கத் தொடங்கிவிடுவார். இவளுக்கு விட்டால் மாலையில் இன்னும் பரிதாபமான ஒருவர் வந்தால் என்ன செய்வது? இரக்கத்துக்குத் தானாகவே ரேஷன் போடும் அதிகாரியாக அவரை மாற்ற ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படவில்லை. அபராத விதியில் ஒரு சிறு இடைவெளி போதுமாக இருந்தது.

விலை அடுத்த நாளும் வசூலிக்கப்படலாம். 2014இல் வந்த 'திஸ் வார் ஆஃப் மைன்' முற்றுகையிடப்பட்ட நகரத்தில் சிக்கிய பொதுமக்களைப் பற்றியது. சரயேவோ முற்றுகையிலிருந்து தூண்டுதல் பெற்றது. அதில் ஒரு முதிய தம்பதியின் வீட்டைக் கொள்ளையடிக்கலாம். அவர்கள் எதிர்த்துச் சண்டை போடுவதில்லை, பொருளும் எளிதில் கிடைக்கும். ஆனால் கொள்ளையடித்தவர் சோர்ந்து போகிறார். மனம் உடைந்தவரிடம் வேலை வாங்குவது கடினம். குற்ற உணர்ச்சி வசனமாக வராமல் உழைப்பு இழப்பாக வருகிறது.

அடுத்தது தகவல். விளைவுகள் முழுக்கத் தெரிந்தால் அது வெறும் கணக்கு. எதுவுமே தெரியாவிட்டால் லாட்டரி. இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதில்தான் எழுத்தாளரின் திறமை. 2015இல் வந்த விட்சர் 3இல், மரத்தடியில் சிறைப்பட்ட ஓர் ஆவி, என்னை விடுவித்தால் சதுப்புநிலத்தில் உள்ள அனாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. விடுவித்தால் குழந்தைகள் தப்புகிறார்கள். ஆனால் ஒரு கிராமம் அழிகிறது, ஆனா என்ற பெண் சாபத்தில் இறக்கிறாள், அவள் கணவர் தூக்கில் தொங்குகிறார். ஆவியைக் கொன்றால் குழந்தைகள் போய்விடுகிறார்கள்; ஆனா பித்துப் பிடித்தாலும் உயிரோடு இருக்கிறாள், கணவர் அவளைக் குணப்படுத்த அழைத்துச் செல்கிறார். இது நியாயமான தேர்வா? என் கணக்கில் பாதி நியாயம். ஆவி நம்பத்தகாதது என்பதற்கும் குழந்தைகளின் ஆபத்துக்கும் முன்குறிப்புகள் கிடைக்கின்றன; ஆனாவின் முடிவை ஊகிக்கப் போதிய தடயம் இல்லை. ஊகிக்கவே முடியாத விளைவு வந்தால் 'நான் தவறிவிட்டேன்' என்ற எண்ணம் வராது, 'என்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்ற எண்ணம்தான் வரும்.

அப்படிப் பொறுப்பு கைநழுவும் இடங்களில் மிகச் சாதாரணமானது, பட்டனில் எழுதியிருப்பது ஒன்று, கதாபாத்திரம் செய்வது வேறொன்று என்பது. 2011இல் வந்த எல்.ஏ. நுவார் விசாரணைக் காட்சிகளில் உண்மை, சந்தேகம், பொய் என்று மூன்று தேர்வுகள். மெல்லச் சந்தேகப்படலாம் என்று நினைத்து நடுவில் உள்ளதை அழுத்தினால், துப்பறிவாளர் சாட்சியின் மீது பாய்ந்து கத்துவார். 2017 மறுவெளியீட்டில் அந்தப் பெயர்களை நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றம்சாட்டு என்று மாற்றினார்கள். காட்சிகளைத் தொடாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியதே பெரிய திருத்தம்.

சேவ் வசதி இந்த எல்லாவற்றையும் கவிழ்க்கக்கூடியது. முடிவு பிடிக்கவில்லை என்றால் பத்து விநாடியில் பழைய நிலைக்குப் போகலாம் என்றால் எந்த விலையும் விலையல்ல. முதல் விட்சர் இதற்குக் கண்ட வழி, விளைவைத் தள்ளிப்போடுவது. தொடக்க அத்தியாயத்தில் சரக்குப் பெட்டிகளைக் கிளர்ச்சியாளர்களுக்குக் கொடுத்தால், நெடுநேரம் கழித்து, உங்களுக்குத் தேவைப்படும் ஒருவர் அவர்கள் அம்பால் செத்துக் கிடப்பார். அதற்குள் பல மணி நேரம் விளையாடியாகிவிட்டது. திரும்பிப் போக மனம் வராது. தள்ளிப்போட்டால் ஓர் ஆபத்தும் உண்டு: காரணம் மறந்துபோகும். அதனால் விளைவு வரும் இடத்தில் பழைய செயலை ஒரு வரியிலாவது நினைவூட்டியாக வேண்டும்.

அண்டர்டேல் (2015) இன்னும் விஷமமானது. ஒருவரைக் கொன்றுவிட்டு, மனம் கேளாமல் பழைய சேவ் நிலைக்குப் போய் மறுபடி காப்பாற்றினால், ஒரு பாத்திரம் அதைச் சொல்லிக் காட்டும். நீங்கள் அழித்ததாக நினைத்ததை கேம் தனிக் கோப்பில் குறித்து வைத்திருக்கிறது.

காலக்கெடுவும் ஒரு கருவி. டெல்டேல் நிறுவனத்தின் 'தி வாக்கிங் டெட்' (2012) பதில் சொல்லச் சில விநாடிகள்தாம் தரும். பேசாமல் இருந்தால் மௌனமும் பதிலாகப் பதிவாகும். அவசரப்படுத்துவது மட்டும் இதன் பயன் அல்ல. செய்து விளைந்த தீங்கைவிடச் செய்யாமல் விட்டு விளைந்த தீங்கை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம் என்பது உளவியலில் நன்கு அறியப்பட்ட சாய்வு. கடிகாரம் இல்லாத கேமில் சும்மா இருப்பது என்ற செயலே கிடையாது, உலகம் உங்களுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் வந்தால்தான் சும்மா இருந்த குற்றமும் சாத்தியமாகிறது.

இதே கேம் கிளைகளின் சிக்கலுக்கும் நல்ல பாடம். இரண்டிரண்டாகப் பிரியும் பத்துத் தேர்வுகள் இருந்தால் 1,024 பாதைகள். எந்த நிறுவனத்தாலும் அத்தனையும் எடுக்க முடியாது. ஆகவே கிளைகளை மீண்டும் ஒரே இடத்தில் சேர்ப்பார்கள். முதல் பகுதியில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் அவர் மூன்றாம் பகுதியில் கொல்லப்படுகிறார். இரண்டாம் முறை விளையாடுபவருக்குத் தையல் தெரிந்துவிடும். ஆனால் இடைப்பட்ட நேரம் வேறாக இருக்கிறது, அதுதான் சரக்கு. கதையில் உங்களோடு வரும் சிறுமியைப் பற்றி, 'கிளமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்' என்று திரையில் வரும் வரிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஒரு மாறிதான்: ஆம் அல்லது இல்லை. அந்த ஒன்றைச் சரியாகச் செலவழிக்கத் தெரிய வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் ஒரு முகபாவம், அடுத்த காட்சியில் அங்கே இல்லாத யாரோ அதைக் கேள்விப்பட்டதாகப் பேசுவது, இறுதியில் ஒரு கதவு திறப்பதோ மூடுவதோ என மூன்று இடங்களில் எதிரொலித்தால் போதும், கதை முழுதும் தன்னால் மாறியதாக விளையாடுபவர் நம்புவார். முதலாவதை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றைக் கைவிடும்போதுதான் அந்தத் திரைவரி வெற்று மிரட்டலாகிறது.

மெனுவே இல்லாத தேர்வு அரிது. அமைந்தால் மிக வலுவாக இருக்கும். 2012இன் 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' கேமில், உங்கள் கூட்டாளியைக் கொன்ற பொதுமக்கள் கூட்டம் உங்களைச் சூழ்ந்து கல்லெறிகிறது. உடனிருக்கும் இன்னொரு கூட்டாளி சுடச் சொல்கிறார். என்ன செய்யலாம் என்று திரை எதுவும் சொல்லாது. வானத்தை நோக்கிச் சுட்டால் அவர்கள் கலைந்து ஓடுவார்கள்; எத்தனையோ பேருக்கு அது தோன்றியதே இல்லை. இதே கேமில் வெள்ளை பாஸ்பரஸ் வீசும் காட்சியும் இருக்கிறது. அதை வீசாமல் கதை நகராது. வீசியபின் உங்களைக் குற்றவாளியாக்கும். அதை ரசிப்பவர்கள் நிறைய, எனக்கென்னவோ கூட்டத்துக் காட்சிதான் நேர்மையானது.

தேர்வு தேறியதா என்று சோதிக்கும்போது விழுக்காட்டை மட்டும் பார்ப்பது போதாது. பாதிக்குப் பாதி வந்துவிட்டால் நல்ல சிக்கல் என்று கொண்டாடுவதுண்டு. இரண்டுமே யாரையும் தொடவில்லை என்றாலும் நாணயம் சுண்டியது போல அதே எண்தான் வரும். 92க்கு 8 என்று வந்தாலும் அந்த 92 பேர் தவித்து முடிவெடுத்திருக்கலாம். பட்டனை அழுத்தும்முன் எத்தனை விநாடி நின்றார்கள், அழுத்தியபின் எத்தனை பேர் பழைய சேவ் நிலையைத் தேடிப் போனார்கள், இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்டால் எதைத் தேர்ந்தோம், ஏன் என்று சொல்ல முடிகிறதா, இந்த மூன்றையும் பதிவுசெய்தால் தெரியும். நின்ற நேரம் வசனத்தைப் படிக்க ஆகும் நேரத்தைத் தாண்டவில்லை என்றால், வசனத்தை மெருகேற்றுவதை விட்டுவிட்டு விலையை மாற்ற வேண்டும்.