முக்கோணம் வந்தது, சதுரம் ஏன் வரவில்லை?

வாசகி ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். பழைய பாணி சாம்ப்ளர்களைப் பார்த்து அலங்காரத் தையல்களை ஒவ்வொன்றாகக் கற்று வருகிறாராம். பிரெஞ்சு முடிச்சு வந்துவிட்டது, ஐலெட் வந்துவிட்டது. இரட்டை ஓட்டுத் தையலில்தான் சிக்கல். "சின்ன முக்கோணம் போட்டேன், முன்னும் பின்னும் ஒரே மாதிரி வந்தது. அதே மாதிரி சதுரம் போட்டால் இரண்டு பக்கம்தான் தெரிகிறது, மீதி இரண்டைக் காணோம். நாலு தடவை பிரித்துவிட்டேன். இதற்கெல்லாம் கைராசி வேண்டும் என்கிறார்கள்."

கைராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று ஒற்றைப்படை, நான்கு இரட்டைப்படை. கோளாறு அங்கேதான்.

சாம்ப்ளர் என்பது தையல்காரரின் குறிப்பேடு. புதிதாக ஒரு தையலோ வடிவமோ கண்ணில் பட்டால் ஒரு துணியில் போட்டுப் பார்த்து, மறக்காமல் இருக்கச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். தேதியிட்ட பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் மிகப் பழையதாக அறியப்படுவது ஜேன் போஸ்டாக் என்பவர் 1598-இல் தைத்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஒரே துணியில் சங்கிலித் தையல், பிரெஞ்சு முடிச்சு என்று ஏகப்பட்ட வகைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் இயற்பியல் உண்டு. ஊசியைச் சுற்றிய நூல் உராய்வினால் தன்னைத்தானே இறுக்கிக்கொள்வது பிரெஞ்சு முடிச்சு. எல்லாத் தையலும் ஒரே துளைக்குள் இறங்கி, துணியின் இழைகளை வெட்டாமலே விலக்கி ஓட்டை உண்டாக்குவது ஐலெட். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வாசகியைப் படுத்துகிற தையல்தான். அதற்குள் இருப்பது சுத்தமான கணக்கு.

இரட்டை ஓட்டுத் தையலை ஹோல்பைன் தையல் என்றும் சொல்வார்கள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அரசவையில் ஓவியராக இருந்த இளைய ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த உருவப்படங்களில், கழுத்துப்பட்டியிலும் மணிக்கட்டுப் பட்டியிலும் இந்த வேலைப்பாடு இழை பிசகாமல் தெரியும். அதனால் வந்த பெயர். பட்டி மடங்கினால் துணியின் உள்பக்கமும் வெளியே தெரியும் அல்லவா? அதனால் இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். கர்நாடகத்தின் கசூதி என்ற பூத்தையல் வேலையிலும் இதே தையல் உண்டு, அங்கே அதன் பெயர் காவந்தி.

செய்முறை எளிது. சாதாரண ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும்: ஒரு தையல் துணிக்கு மேலே, அடுத்தது கீழே, மறுபடி மேலே. மேலிருந்து பார்த்தால் விட்டு விட்டு ஒரு கோடு. கடைசி வரை போய்விட்டு அதே துளைகள் வழியாகத் திரும்பி வந்தால் விட்டுப்போன இடைவெளிகள் நிரம்பிவிடும். நூலும் மிச்சம். ஒவ்வொரு தையலுக்கும் ஊசி ஓர் அடி பின்னால் வந்து போகிற பின் தையலில் ஒவ்வொரு அடிக்கும் மேலே ஒரு பங்கு நூல், கீழே இரண்டு பங்கு, ஆக மூன்று. இதில் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக இரண்டே.

நேர்கோட்டுக்குச் சரி. கிளையும் இலையும் வளையமுமாக இருக்கிற கோலாகலமான வடிவத்துக்கு என்ன செய்வது? ஒவ்வொரு கோட்டிலும் ஊசி இரண்டு தடவை போக வேண்டும். அந்த இரண்டில் ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்க வேண்டும். நடுவில் நூலை வெட்டக் கூடாது.

பாதி விடை கணித மேதை ஆய்லருடையது. 1730களில் கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒரு தடவைக்கு மேல் கடக்காமல் சுற்றி வர முடியுமா என்ற புதிரை எடுத்துக்கொண்டு, முடியாது என்று நிறுவினார். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டுமென்றால் ஒவ்வொரு சந்தியிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் வழிகள் இருக்க வேண்டும். நமக்கோ ஒவ்வொரு கோடும் இரண்டு தடவை, அதனால் எல்லாச் சந்தியும் தானாகவே இரட்டைப்படை. ஆக சுற்று கட்டாயம் உண்டு. ஆனால் மேல், கீழ் பிரச்சினையைப் பற்றி ஆய்லரின் விதி எதுவும் சொல்வதில்லை. வாசகி மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அவருடைய சதுரத்தையே எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஒரு தையல். முதல் பக்கம் மேலே, இரண்டாவது கீழே, மூன்றாவது மேலே, நான்காவது கீழே. தொடங்கிய மூலைக்கு வந்தாயிற்று, ஊசி மேலே வருகிறது. இப்போது அதே திசையில் இன்னொரு சுற்று போனால் முதல் பக்கம் மறுபடியும் மேலேதான் விழும். ஆயிரம் சுற்று சுற்றினாலும் இரண்டாவதும் நான்காவதும் முன்பக்கத்தில் தலைகாட்டாது. முக்கோணத்தில் மூன்று தையல் என்பதால் இரண்டாம் சுற்று கீழே தொடங்குகிறது, எல்லாம் மாறி விழுந்து கோடு நிரம்பிவிடுகிறது. முக்கோணம் வந்தது அதிர்ஷ்டம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இழைகளை எண்ணித் தைக்கிற துணியில் நேராகவும் படுக்கையாகவும் மட்டும் போனால் எந்த வளையமும் இரட்டைப்படைதான். எத்தனை அடி வலப்பக்கம் போனோமோ அத்தனை அடி இடப்பக்கம் வர வேண்டும், மேலும் கீழும் அப்படியே. சாய்வுக் கோடு நுழைந்தால்தான் ஒற்றைப்படைக்கு வழி.

தீர்வு: சதுரத்தைச் சுற்றி வந்ததும் வந்த வழியே திரும்ப வேண்டும். நான்காவது பக்கம் இப்போது மேலே, மூன்றாவது கீழே, இரண்டாவது மேலே, முதலாவது கீழே. வேலை முடிந்தது. கேள்வி வந்த அன்று ஒரு பழைய கைக்குட்டையில் கறுப்பு நூலால் போட்டுப் பார்த்தேன்; கோடு என்னவோ கோணல்தான், ஆனால் நான்கு பக்கமும் இருந்தது.

இனி நான் ரசிக்கிற இடத்துக்கு வருகிறேன். இந்தத் தந்திரம் சதுரத்துக்கு மட்டுமல்ல, தொடர்ச்சியான எந்த வடிவத்துக்கும் செல்லும். ஐந்து தையல் நீளமான ஒரு காம்பு, இரண்டாவது தையல் முடிகிற இடத்தில் இரண்டு தையல் நீளக் கிளை என்று வைத்துக்கொள்வோம். காம்பில் மேல், கீழ். சந்திக்கு வந்துவிட்டோம், ஊசி மேலே இருக்கிறது. கிளையில் ஏறுகிறோம்: மேல், கீழ். நுனியில் திரும்புகிறோம்: மேல், கீழ். சந்திக்கே வந்தாயிற்று, ஊசி இப்போதும் மேலே! கிளைக்குப் போனதே ஊசிக்கு மறந்துபோன மாதிரி, காம்பில் மூன்றாவது தையலைத் தொடரலாம்.

ஏன் இப்படி? கிளை எவ்வளவு பெரிதானாலும், அதற்குள் இருபது குட்டிக் கிளைகள் இருந்தாலும், ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை தைத்துவிட்டுத்தான் வெளியே வருகிறோம். எந்த எண்ணை இரண்டால் பெருக்கினாலும் இரட்டைப்படை. ஒரு கோட்டில் போவதற்கும் அதில் திரும்புவதற்கும் நடுவே எப்போதும் இரட்டைப்படைத் தையல்கள்தான் இருக்கும் என்பதால், போனது மேலே என்றால் திரும்புவது கீழே. விதிவிலக்கே கிடையாது. வளையம் வந்தால்? முன்பே தொட்ட துளைக்குப் போய்ச் சேரும் கோட்டை முட்டுச் சந்தாக நினைத்து, தொட்டுவிட்டு உடனே திரும்பிவிடுங்கள்.

கணினி படித்தவர்களுக்கு இது ஆழமுதல் தேடல் என்ற பெயரில் பழகிய முகம். புதிர்ப்பாதையிலிருந்து வெளியேற, எந்த வழியிலும் இரண்டு தடவைக்கு மேல் போகாமல் தேடும் முறையை பிரான்ஸின் திரெமோ என்பவர் 19ஆம் நூற்றாண்டில் சொன்னார். ஹோல்பைன் ஓவியங்களில் மணிக்கட்டுப் பட்டி தைத்தவர்கள் அதே சாலையில் முந்நூறு ஆண்டு முன்னால் போனவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கிடையாது. பள்ளியில் கைவேலை வகுப்பையும் கணக்கு வகுப்பையும் தனித்தனி அறைகளில் வைத்ததன் பலன் இது என்பது என் கட்சி.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வடிவத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிற புள்ளிக்கோ பூவுக்கோ இது எட்டாது. அதற்குத் தாவினால் பின்பக்கத்தில் ஒரு நூல் குறுக்கே கிடக்கும். தனியே தொடங்கி முடிப்பதுதான் வழி. அப்புறம், திரும்பும்போது கோடு பல்லைக் காட்டினால், ஒவ்வொரு துளையிலும் பழைய தையலின் ஒரே பக்கமாக மேலே வந்து, மறுபக்கமாகக் கீழே இறங்குங்கள்.

முடிச்சு எங்கே போடுவது என்றும் அந்த வாசகி கேட்டிருந்தார். எங்கேயும் வேண்டாம். மொத்தத் தையல்களும் இரட்டைப்படை என்பதால் ஊசி தொடங்கிய துளைக்கே, பின்பக்கமாகவே வந்து சேரும். இரண்டு நுனிகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றை இந்தப் பக்கத் தையல்களுக்கு அடியிலும் மற்றதை அந்தப் பக்கத் தையல்களுக்கு அடியிலும் நுழைத்து நறுக்கிவிடலாம்.