உல்லத்துக்கு 22 நாள், மீனவர் வீட்டுக்கு 25 கிலோ அரிசி

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில் வங்கதேசத்தின் மேக்னா ஆற்றில் வலை இறங்காது. சாந்த்பூர், லட்சுமிபூர், போலா, பரிசால் என்று ஆற்றோர மாவட்டங்கள் எல்லாவற்றிலும் படகுகள் கரையில் கிடக்கும். 2023-ல் அக்டோபர் 12 முதல் நவம்பர் 2 வரை, 2024-ல் அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை, 2025-ல் அக்டோபர் 4 முதல் 25 வரை. தேதி மாறினாலும் கணக்கு 22 நாள்தான். அவர்கள் இலிஷ் என்றும் நாம் உல்லம் என்றும் சொல்லும் மீன் முட்டையிடுவதற்காக அரசு விதிக்கும் தடை இது. அதற்கு ஈடாக மீனவர் குடும்பத்துக்கு அரிசியும் உண்டு. தடை எப்படி நடக்கிறது, அரிசி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதைப் பார்ப்போம்.

முதலில் தேதி ஏன் ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது? அதை முடிவு செய்வது நிலா. உல்லம் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குள் ஏறும் மீன். நம் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வரும் ஆசுவின மாதத்துப் பௌர்ணமியை ஒட்டித்தான் பெருங்கூட்டமாக ஏறும். மேக்னாவில் ஓதம் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே போகும். பத்மா ஆறு வந்து சேரும் சாந்த்பூரில்கூட தண்ணீர் ஏறி இறங்குவது தெரியும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அந்த ஓதம் பெருகும், மீனும் அதோடு சேர்ந்து உள்ளே வரும். அதனால் ஒரு பௌர்ணமியும் ஒரு அமாவாசையும் உள்ளே அடங்கும்படி தேதி குறிக்கிறார்கள். மேலே சொன்ன மூன்று ஆண்டுகளையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு திதியும் தடைக்குள்ளேயே விழும்.

நாளின் எண்ணிக்கை ஒரேயடியாக 22 ஆகவில்லை. தொடக்கத்தில் பத்து நாள், அப்புறம் பதினொரு நாள் என்றுதான் இருந்தது. 2015-ல் 15 ஆனது, 2016 முதல் 22. குறுகிய தடையில் ஒரு திதி மட்டும் அடங்கி இன்னொன்று வெளியே விழுந்துவிடும். தடை முடிந்த மறுநாளே சினை மீன் வலையில் ஏறினால் என்ன பயன்? ஒரு பெரிய தாய்மீன் பத்து லட்சம் முட்டைக்கு மேலும் இடும். இரண்டு திதியையும் சேர்த்தது இந்த விதியில் நான் மிகவும் மதிக்கும் பகுதி.

நிலாக் கணக்கு அந்த மக்களுக்குப் புதிதும் இல்லை. கிழக்கு வங்காள இந்துக் குடும்பங்கள் பலவற்றில் ஆசுவினப் பௌர்ணமியன்று வரும் லட்சுமி பூஜையோடு உல்லம் சமைப்பதை நிறுத்திவிடுவார்கள். தை, மாசியில் வரும் சரஸ்வதி பூஜைக்குத்தான் மறுபடியும் அந்த மீன் வீட்டுக்குள் வரும். சட்டம் வருவதற்கு முன்பே சமையலறையில் இருந்த ஒழுங்கு இது.

சரி, எதெல்லாம் தடை? உல்லம் பிடிப்பது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அந்த 22 நாளும் நாடு முழுவதும் அதை ஏற்றிச் செல்வது, இருப்பு வைப்பது, விற்பது, வாங்குவது, பண்டமாற்றுச் செய்வது எல்லாமே குற்றம். கடையில் வாங்கிக்கொண்டு போகிறவரும் மாட்டுவார். முக்கியமாக முட்டையிடும் பகுதி என்று அறிவித்திருக்கும் சுமார் 7,000 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் வேறு மீனுக்கும் வலை போடக் கூடாது. "நான் போட்டது இறால் வலை" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. 1950-ஆம் ஆண்டு மீன் பாதுகாப்புச் சட்டத்தின்படி தண்டனை ஓராண்டு முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அந்நாட்டு நாணயமான டாக்காவில் 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். நீர்வழிப் போலீசும் கடலோரக் காவல் படையும் ரோந்து போகும். மாஜிஸ்திரேட் நேரில் வந்து, ஆற்றங்கரையிலேயே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நடமாடும் நீதிமன்றமும் உண்டு. பிடிபட்ட மீன் பெரும்பாலும் அனாதை இல்லங்களுக்கும் மதரசாக்களுக்கும் போகும், வலையைக் கரையில் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். கடன் வாங்கிக் கட்டிய வலை அது. சிறையைவிட அந்தத் தீக்குத்தான் பலர் பயப்படுகிறார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இப்போது அரிசி. நலிந்த பிரிவினருக்கு உணவு வழங்கும் வி.ஜி.எஃப். என்ற திட்டத்தின் கீழ், பட்டியலில் உள்ள ஒவ்வொரு மீனவர் குடும்பத்துக்கும் 22 நாளுக்கு 25 கிலோ அரிசி. முன்பு 20 கிலோவாக இருந்தது. 2025-ல் சுமார் 6.2 லட்சம் குடும்பங்களுக்கு 15,500 டன் ஒதுக்கினார்கள். அரிசி உணவுத் துறைக் கிடங்கிலிருந்து யூனியன் பரிஷத்துக்கு வரும். நம் ஊராட்சி மன்றம் போன்ற அமைப்பு அது. அங்கேதான் அளந்து தருவார்கள்.

25 கிலோவை 22 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஐந்து பேர் உள்ள வீட்டில் தலைக்கு 227 கிராம் வரும். மூன்று வேளையும் சோறு சாப்பிடும் வீடுகள் அவை. பருப்பு, எண்ணெய், மருந்து, பிள்ளையின் நோட்டுப் புத்தகம் எதற்கும் இந்தத் திட்டத்தில் ரொக்கம் கிடையாது.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு. தமிழ்நாடு அரசு ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. நாளுக்கு 131 ரூபாய்தான், தாராளம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பணம் என்றால் வீட்டில் எதற்கு அவசரமோ அதற்குப் போகும். அரிசி மூட்டையைக் கொண்டுபோய்க் கடன் தவணை கட்ட முடியாது.

மேக்னா கரையில் பெரிய பாரமே அந்தத் தவணைதான். சீசன் தொடங்கும்போது ஏலக்கடைக்காரரிடம் முன்பணம் வாங்கி வலையும் படகும் சரிசெய்வார்கள். அதற்குத் தாதன் என்று பெயர். பிடிக்கும் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், விலையிலும் கமிஷன் பிடிப்பார். அதற்கு மேல் சிறுகடன் நிறுவனங்களின் வாராந்தரத் தவணை. ஆற்றுக்குத் தடை போட்ட அரசு தவணைக்குத் தடை போடுவதில்லை. தடைக்காலத்தில் தவணை வசூலை நிறுத்த வேண்டும் என்று மீனவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். இரவில் திருட்டுத்தனமாக வலை போடுகிறவர்களில் எத்தனையோ பேரை ஆற்றுக்குத் தள்ளுவது மறுநாள் காலை வாசலில் நிற்கும் வசூல்காரர்தான்.

அரிசி பெற முதல் தேவை மீனவர் அடையாள அட்டை. தேசிய அடையாள அட்டையும் நிலையான முகவரியும் இருந்தால்தான் அதில் பெயர் ஏறும். அட்டை இருந்தால் அரிசி நிச்சயம் என்றும் சொல்ல முடியாது. ஒதுக்கீடு ஒவ்வொரு வட்டத்துக்கும் இத்தனை குடும்பம் என்று வரும், மிச்சப் பேர் அந்த முறை வெளியே நிற்க வேண்டியதுதான். தொழிலை விட்டு ஆண்டுகள் ஆனவர் பட்டியலில் இருப்பதும், ஆற்றிலேயே கிடப்பவர் பெயர் இல்லாமல் போவதும் ஊருக்கு ஊர் கேட்கும் குறை.

மிகவும் விடுபட்டுப் போனவர்கள் மான்தா மக்கள். போலா, பட்டுவாகாலி, பரிசால் ஆறுகளில் படகையே வீடாக்கி வாழ்கிறார்கள். பிறப்பது, கல்யாணம், பிள்ளை வளர்ப்பது எல்லாம் படகில். கரையில் மனை இல்லை, அதனால் முகவரி இல்லை. முகவரி இல்லாததால் பலருக்கு அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாததால் அரிசி இல்லை. தடை மட்டும் அவர்களுக்கும் பொருந்தும். அங்கே பெண்களும் ஆண்களுக்குச் சமமாகத் துடுப்புப் போட்டு வலை இழுப்பார்கள். அரசுப் பட்டியலில் மீனவர் என்று பெரும்பாலும் ஆணின் பெயர்தான் இருக்கும். படகு கட்டும் துறையை முகவரியாக ஏற்றுக்கொண்டாலே இவர்களில் பலரைப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

இன்னொரு கோளாறு நேரம். தடை எப்போது என்று முன்கூட்டியே தெரியும், அது நிலாவைப் பார்த்து வைத்த தேதி. அப்படியிருந்தும் சில இடங்களில் தடை பாதி ஓடிய பிறகுதான் மூட்டை வந்து இறங்குகிறது. முதல் வாரம் கடையில் கடனுக்கு வாங்கிய அரிசிக்கு, பின்னால் வரும் அரிசி ஈடாகாது. தடை தொடங்கும் நள்ளிரவுக்கு முன் அரிசி வீட்டில் இருக்க வேண்டும் என்பதை விதியிலேயே எழுதலாம்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் அளவில் இருந்த உல்லம் பிடிப்பு, பின்னர் ஐந்து லட்சம் டன்னைத் தாண்டியது. இந்த ஒரு தடையால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது, குஞ்சு பிடிக்கத் தடை, உல்லத்துக்கான 6 சரணாலயங்கள் எல்லாம் சேர்ந்து நடந்தது. இந்தியப் பக்கம் கங்கையில் 1975-ல் ஃபரக்கா அணை வந்தபின் மேலே ஏறும் மீன் அற்றுப்போன கதையையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். நம் காவிரியிலும் உல்லம் ஏறியதுண்டு, குறுக்கே அணைகள் வந்தபின் அந்த ஏற்றம் குறைந்துபோனது. மேக்னாவில் பாதை இன்னும் திறந்திருக்கிறது. அதைக் காத்துக் கொடுப்பவர்கள் 22 நாள் கரையில் உட்கார்ந்திருக்கும் அந்த மீனவர்கள்.

தடை முடிந்த இரவே படகுகள் ஆற்றில் இறங்கும். ஆனால் அடுத்த விதி அதற்குள் காத்திருக்கும். நவம்பர் 1 முதல் ஜூன் 30 வரை, 25 சென்டிமீட்டருக்குக் குறைவான உல்லத்தை, அவர்கள் ஜாட்கா என்று சொல்லும் இளமீனை, பிடிக்கக் கூடாது. அந்தக் காலத்துக்கான அரிசி தனி. பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதம், மாதத்துக்கு 40 கிலோ. அதற்கும் அதே அட்டை, அதே பட்டியல். ஐப்பசியில் விடுபட்ட பெயர் மாசியிலும் விடுபட வாய்ப்பு அதிகம். ஆகவே அரிசி கிடைக்காதவர் அடுத்த தடை வரும்வரை காத்திருக்காமல், நவம்பரிலேயே வட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.