கேபிளைக் கழற்றுங்கள், பவரை அணைக்காதீர்கள்

2021 ஜூலை 22 அன்று, தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் சைபர் தாக்குதலில் முடங்கின. டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலையைக் கையால் எழுதிப் பார்க்க வேண்டியதாயிற்று. துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்கள் நம் டர்பன் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறையப் பேர். தென்னாப்பிரிக்க அமைச்சரவை 2012இல் ஏற்ற இணையப் பாதுகாப்புக் கொள்கை, சைபர் தற்காப்பை ஒருங்கிணைக்கும் பொறுப்பைப் பாதுகாப்புத் துறையிடம் கொடுத்தது. அந்தப் பொறுப்பை நிறைவேற்றக் கருவிகளை வாங்கினால் மட்டும் போதாது. ராணுவ ஒழுக்கம் கணினி அறைக்குள்ளும் வர வேண்டும்.

2008இல் மத்திய கிழக்கில் இருந்த அமெரிக்க ராணுவத் தளமொன்றில் செருகப்பட்ட ஒரே ஒரு பென் டிரைவ் வழியாக வைரஸ் புகுந்தது. இணையத்தோடு தொடர்பில்லாத ரகசிய நெட்வொர்க் வரைக்கும் அது போனது. துடைத்தெடுக்கச் சுமார் 14 மாதம் ஆயிற்று.

இப்படி ஒரு சிப்பாய் தவறுதலாகச் செருகிவிட்டால், அடுத்த பத்து நிமிடத்தில் மேலதிகாரியிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வர வேண்டும். தண்டனைக்குப் பயந்து மறைத்தால், அந்த நேரமெல்லாம் எதிரிக்குத்தான் லாபம். சொன்னவரைத் தண்டிக்காதீர்கள், மறைத்தவரை விசாரியுங்கள்.

சந்தேகம் வந்ததும் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் வைரஸின் தடயமும், சில சமயம் அது கோப்புகளுக்குப் போட்ட பூட்டைத் திறக்கும் சாவியும் ரேம் நினைவகத்தில்தான் இருக்கும். பவர் போனால் அவையும் போய்விடும். நெட்வொர்க்கைத் துண்டிக்க வழியே இல்லையென்றால் மட்டும் அணையுங்கள். முதலில் ரேமை நகலெடுங்கள், பிறகு டிஸ்க்கை.

அடுத்தது லாக், அதாவது எப்போது என்ன நடந்தது என்று கணினி தானே எழுதி வைக்கும் பதிவு. ஒரு சர்வர் உலகப் பொது நேரத்தில் எழுதும், இன்னொன்று தென்னாப்பிரிக்க நேரத்தில் எழுதும். இந்த இரண்டு மணி நேர வித்தியாசத்தைக் கவனிக்காவிட்டால், யார் முதலில் நுழைந்தார் என்ற வரிசையே தலைகீழாகிவிடும். எல்லாக் கடிகாரத்தையும் ஒரே மூலத்தோடு இணைத்து வையுங்கள்.

பேக்அப் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகத்தில். அதில் ஒன்றாவது நெட்வொர்க்கைத் தொடாமல் தனியே இருக்க வேண்டும். பல இடங்களில் பேக்அப் சர்வருக்கும் மற்ற சர்வர்களின் அதே அட்மின் பாஸ்வேர்டைத்தான் வைத்திருப்பார்கள். கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கொள்ளையர்கள் முதலில் பேக்அப்பை அழித்துவிட்டுத்தான் மற்றதைப் பூட்டுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்அப்பிலிருந்து முழுதாக மீட்டுப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ராணுவத்தில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம் சகஜம். ஆனால் ஒரு நெட்வொர்க்கின் இயல்பான நடமாட்டத்தை அறிந்துகொள்ளவே ஒருவருக்கு ஒரு வருடமாவது பிடிக்கும். சைபர் பிரிவில் இருப்பவரை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், புதியவரை மூன்று மாதமாவது அவர் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டு மாற்றுங்கள்.