எனக்குப் பேச்சு நல்லாத்தான் வருது

"பேச்சு சிகிச்சைக்கு எழுதித் தரட்டுமா?" என்று அந்த இளம் மருத்துவர் கேட்டிருக்கிறார். "எனக்குப் பேச்சு நல்லாத்தான் வருது, வயிறுதான் சரியில்ல" என்று பதில் சொல்லியிருக்கிறார் சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வசிக்கும் 74 வயதுப் பெரியவர். மருத்துவர் சொன்னது, மனதில் இருப்பதை ஒரு நிபுணரிடம் பேசித் தீர்க்கும் மனநலச் சிகிச்சையை. பெரியவரோ, பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சைத் திரும்பப் பழக்குவார்களே, அதைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அதற்கு மேல் விளக்க மருத்துவருக்கும் தமிழ் போதவில்லை. வயிற்றுக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை என்று அனுப்பிவிட்டார்கள். அவர் என் அறைக்கு வந்து சேர ஏழு மாதம் ஆனது. (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மனநல ஆலோசகராக என்னைத் தேடி வரும் மூத்தோரில் பெரும்பாலானவர்கள் இப்படிச் சுற்று வழியில்தான் வருகிறார்கள். நெஞ்சு படபடப்பு, கை கால் ஓய்ச்சல், வயிற்றில் ஏதோ உருளுகிறது என்று ஆரம்பிப்பார்கள். எல்லாப் பரிசோதனையும் முடிந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு வந்த பிறகுதான் யாருக்காவது மனம் என்ற ஒன்று நினைவுக்கு வருகிறது.

இளையர்களுக்கு வழி கூடியிருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். பள்ளி மாணவர்களுக்காக 2007ல் 'ரீச்' என்ற மனநல உதவித் திட்டம் தொடங்கியது. மனநலக் கழகத்தின் 'சாட்' என்ற இளையர் மனநலச் சேவை 2009 முதல் 16 வயதிலிருந்து 30 வயதுவரை உள்ளவர்களைப் பார்க்கிறது. பிள்ளைகளே கைப்பேசியில் தேடி, தாங்களே பதிவு செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் வேலை, கடன், பிள்ளைகளின் தேர்வு என்று தள்ளிப்போடுவார்கள். ஆனாலும் முதலாளியோ மனைவியோ ஒருநாள் பிடித்துத் தள்ளிவிடுவார்கள். எழுபதைத் தாண்டியவரை யாரும் தள்ளுவதில்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அதையே மருந்தகத்திலும் சொல்கிறார்கள். கடைசியில் அவரே சொல்லிக்கொள்கிறார்.

இந்த எண்ணம் எங்கள் தொழிலுக்குள்ளேயே இருந்ததுதான். ஐம்பதை நெருங்கியவர்களின் மனம் நெகிழ்வை இழந்துவிடுகிறது, அவர்களுக்கு இந்தச் சிகிச்சை பலன் தராது என்ற பொருளில் உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்ட் 1905ல் எழுதினார். அப்போது அவருக்கே ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் எழுதிக்கொண்டும் தம் கருத்துகளைத் திருத்திக்கொண்டும்தான் இருந்தார். இங்கிலாந்தில் 2008ல் தொடங்கிய தேசியப் பேச்சுவழிச் சிகிச்சைத் திட்டத்தில் தெரிய வந்தது நேர் எதிரானது. 65 வயதைக் கடந்தவர்கள் அங்கே குறைவாகத்தான் அனுப்பப்படுகிறார்கள். ஆனால் வந்தவர்களில் குணமாகிறவர்களின் விகிதம் இளையவர்களைவிட அதிகம். எனக்கு இது ஆச்சரியமில்லை. என் அனுபவத்தில், மழை பெய்தாலும் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பவர்கள் பெரியவர்கள்தான்.

ஈசூன் பெரியவரிடம் திரும்புகிறேன். மனச்சோர்வைக் கண்டறிய வழக்கமாகக் கொடுக்கும் தாளில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மகள் படிக்கப் படிக்க எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றார். "எனக்கு என்னம்மா குறை? சோறு இருக்கு, வீடு இருக்கு." மகளைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். நாற்காலியை அவருடைய வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இடது காது அவருக்கு மந்தம் என்பதே அதுவரை யாரும் குறித்து வைக்காத விஷயம்.

"ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது ஐயா?"

"ரெண்டு, ரெண்டரை."

"எழுந்து என்ன செய்வீங்க?"

"புளோக்குக்குக் கீழ போயி உக்காந்திருப்பேன். மேல இருந்தா அவ படுத்திருந்த இடம் கண்ணுல படுதும்மா."

அப்புறம் நாற்பது நிமிடம் பேசினார். வயிறு என்ற வார்த்தை ஒருமுறைகூட வரவில்லை.

முதியோருக்கென்று தனிக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. 15 கேள்விகள், ஆம், இல்லை என்றால் போதும். தூக்கம், பசி பற்றி அதில் வேண்டுமென்றே கேட்பதில்லை, ஏனென்றால் மனச்சோர்வு இல்லாமலேயே வயதானால் அவை குறையும். வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கப் பிடிக்கிறதா என்றெல்லாம் கேட்கும். நல்ல கருவிதான். ஆனால் ஆங்கிலத்தில் இருப்பதை மகனோ மகளோ பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தால், பிள்ளைக்கு எது வலிக்காதோ அந்தப் பதில்தான் வரும்.

அவர் மனைவி சமைக்கும்போதெல்லாம் ஒலி 96.8 பாடிக்கொண்டே இருக்குமாம். அந்த அம்மா போன பிறகு வானொலிப் பெட்டியை யாரும் தொடவில்லை. மகள் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். முதல் வாரம் துண்டை மட்டும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். இரண்டாம் வாரம் மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் போடுவது. முதல் இரண்டு நாளும் அழுதாராம். ஐந்தாவது வாரம், எதிர் புளோக்கில் இருக்கும் பழைய துறைமுக நண்பர் வந்து இரண்டு பேரும் கேட்டதாகச் சொன்னார். துக்கத்தில் ஒதுங்கிப்போனவரைச் சின்னச் சின்னச் செயல்கள் வழியாக மறுபடி ஆட்களிடம் கொண்டுவரும் இந்த முறைக்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. வாரம் தவறாமல் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வயிற்று உபத்திரவம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தூக்க மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்தார். இதை அழுத்திச் சொல்கிறேன்: அந்த மாத்திரைகளில் பல, வயதானவர்கள் தடுமாறி விழும் ஆபத்தைக் கூட்டுபவை. அதற்காக யாரும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

மறதி பற்றியும் ஒரு வார்த்தை. கவனம் சிதறுவது, பெயர் மறப்பது எல்லாம் மனச்சோர்விலும் வரும். மறதிநோய் என்று குடும்பமே முடிவு கட்டிவிட்டால் சிகிச்சை கிடைக்க வேண்டியவருக்கு அது கிடைக்காமலே போகும். சரியாகப் பரிசோதித்துவிடுங்கள்.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு: நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போலவே மனச்சோர்வும் பதற்றநோயும் நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் இருக்கின்றன, மருத்துவச் சேமிப்பான மெடிசேவைப் பயன்படுத்தலாம். சில பலதுறை மருந்தகங்களிலேயே உளவியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1771 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் தள்ளிப்போடாமல் 1767 அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். "இந்த வயசுல சும்மா சொல்றது" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அடுத்த முறை அப்பாவையோ அம்மாவையோ மருந்தகத்துக்கு அழைத்துப் போகும்போது, 'மனச்சோர்வு' என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கீழே போய் உட்காருகிறார், அம்மா போனதிலிருந்து" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மருந்தோடு, மனம்விட்டுப் பேச ஒருவரிடம் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். தமிழில் பேசுகிறவர் இருக்கிறாரா என்று பதிவு செய்யும்போதே விசாரியுங்கள். அந்த நாள் வந்ததும் அவரை அறைக்குள் விட்டுவிட்டு, நீங்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருங்கள்.