வெறும் வயிற்றில்தான் கேமரா மாத்திரை விழுங்க வேண்டுமா?

"அம்மாவுக்கு ஹீமோகுளோபின் ஏறவே மாட்டேன் என்கிறது. மேலே குழாய் விட்டுப் பார்த்தாச்சு, கீழே விட்டும் பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை என்கிறார்கள். இப்போது கேமரா மாத்திரை விழுங்கச் சொல்கிறார்கள். அதற்கு எதற்கு ராத்திரியெல்லாம் பட்டினி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்தைத் தொட்டுவிட்டார்.

வாய்வழி எண்டோஸ்கோப்பி சிறுகுடலின் வாசலோடு நின்றுவிடும், கீழ்வழியாக விடும் கொலோனோஸ்கோப்பி பெருங்குடலைத் தாண்டிக் கொஞ்சம்தான் போகும். நடுவில் பல மீட்டர் சிறுகுடல் இருக்கிறது. ரத்தம் கசியும் நாளமோ, கிரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோயின் புண்ணோ, கட்டியோ அங்கே இருந்தால் இரண்டு குழாய்க்கும் தெரியாது. இஸ்ரேல் பொறியாளர் காவ்ரியேல் இடான் 1980களிலேயே விழுங்கும் கேமராவை யோசித்தார், ஆனால் அன்றைய கேமராக்கள் பேட்டரியைச் சில நிமிடத்தில் காலி செய்துவிடும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிமோஸ் சென்சார் என்ற படம் பிடிக்கும் சில்லு வந்த பிறகுதான் காரியம் நடந்தது, 2001இல் அமெரிக்கா அனுமதித்தது. அந்த முதல் மாத்திரை 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. தடிமன், எடை 4 கிராம்கூட இல்லை. நொடிக்கு 2 படம் வீதம் 8 மணி நேரத்தில் 50,000க்கு மேல் படம் எடுத்து, இடுப்பில் கட்டிய ரெக்கார்டருக்கு ரேடியோ அலையில் அனுப்பியது.

ஆனால் இதற்கு மோட்டார் கிடையாது. தள்ளுவது முழுக்க நம் குடல்தான், அழகே அதில்தான் இருக்கிறது.

சாப்பிட்ட வயிறு உணவை அரைத்துக்கொண்டே இருக்கும், கீழ்வாசலை லேசாகத்தான் திறக்கும், ஒன்றிரண்டு மி.மீ. அளவுக்கு நைந்ததை மட்டும் உள்ளே விடும். 11 மி.மீ. மாத்திரை அங்கே மாட்டிக்கொண்டு பேட்டரி தீரும்வரை இரைப்பையையே படம் எடுத்துக்கொண்டிருக்கும். வயிறு காலியானதும் கதையே வேறு. ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து ஒரு பலத்த சுருக்க அலை கிளம்பி, வாசலை நன்றாகத் திறந்து, நைக்க முடியாமல் மிஞ்சிய தோல், கொட்டை எல்லாவற்றையும் வீடு பெருக்குவதுபோல் சிறுகுடல் நெடுகத் தள்ளிக்கொண்டு போகும். மாத்திரையும் அதோடு போய்விடும். சிறுகுடலைப் பெருங்குடல் தின்கிற பசியில் வயிறு கடமுடா என்கிறதே, அதில் இந்த அலைக்கும் பங்கு உண்டு. இதை எழுப்பிவிடுவது மோட்டிலின் என்ற ஹார்மோன். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அந்த ஹார்மோன் போய் ஒட்டும் இடமான ஏற்பியிலேயே போய் உட்காரும், சிலருக்கு அந்த மாத்திரை வயிற்றைப் பிசைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நம் ஊரில் தொக்கம் எடுக்கக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆறு மாசத்துக்கு முன்னால் சாப்பிட்ட இட்லி இன்னும் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, எதையோ எடுத்துக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். நாளுக்குப் பலமுறை பெருக்கப்படும் ஆரோக்கியமான வயிற்றில் இட்லி எப்படி ஒட்டும்? அந்தக் காசில் பிள்ளையை டாக்டரிடம் காட்டலாம்.

சரி, இந்த அலையாலும் முடியாத ஒன்று உண்டு. குடல் சுருங்கிப்போன இடத்தில் மாத்திரை நின்றுவிடும். கிரோன்ஸ் நோயும் குடல் காசநோயும் அப்படிச் சுருக்கும், காசநோய் நம் நாட்டில் அபூர்வமும் இல்லை. வருடக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கியவர்களுக்கும் இந்தச் சுருக்கம் வரலாம். சந்தேகம் இருந்தால் முதலில் பால் சர்க்கரையும் பேரியமும் சேர்த்துச் செய்த, கேமரா இல்லாத ஒரு சோதனை மாத்திரையைக் கொடுப்பார்கள். அது மாட்டினாலும் 30 மணி நேரம் போலக் கழிந்ததும் கரைய ஆரம்பித்துவிடும், உருக்குலையாமல் வெளியே வந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம். அதனால் அம்மாவுக்கு முன்பு காசநோய் இருந்ததா, வயிற்றில் ஆபரேஷன் நடந்ததா, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை என்ன என்பதையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், கேமரா மாத்திரை வெளியே வந்தது உறுதியாகும்வரை எம்ஆர்ஐ ஸ்கேன் மட்டும் எடுக்கக் கூடாது.